ஃபேன்டமும் பழைய ஆங்கிலமும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மத்தியகால ஆங்கிலம் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் கதைகளுக்கும் ஆர்தர் அரசன் கதைகளுக்கும் பள்ளி நாளிலிருந்தே தீவிர ரசிகை. அந்தக் கதைகளை ஒட்டி நானும் எழுதுவேன். வீட்டார், கல்லூரித் தோழிகள், ஜூனியர்கள், ஃபேன்டம் நண்பர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். இத்தனை நாள் வாய்ஸ் நோட்டில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

மத்தியகால இங்கிலீஷ்னா ஷேக்ஸ்பியர்தானே?

இல்லை. ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564இல். நான் படிப்பது அவருக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடிகள் கடல் தாண்டி பிரிட்டனுக்கு வந்ததிலிருந்து சுமார் 1100 வரை பேசியதைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். 1066இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்தார்கள், ஆட்சிமொழியாகப் பிரெஞ்சு உட்கார்ந்தது, ஆங்கிலம் உருமாறியது. அங்கிருந்து சுமார் 1500 வரை உள்ளது நடு ஆங்கிலம். 'கேன்டர்பரி கதைகள்' எழுதிய கவிஞர் சாசர் இந்தக் காலத்தவர்.

நம் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் சாசரின் முன்னுரைப் பாடலைத் தொட்டிருப்பார்கள். அதைச் சத்தமாக வாசித்தால் பாதி புரியும். பழைய ஆங்கிலம் அப்படி இல்லை. உரையில்லாமல் குறுந்தொகையைத் திறந்தாலும் நமக்கு நாலு சொல்லாவது கைகொடுக்கும். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் 'பேவுல்ஃப்' காவியத்தைத் திறந்தால் அதுகூடக் கிடைப்பது சிரமம். புது மொழியாகவே கற்க வேண்டும்.

ஃபேன்டம்னா நம்ம ஊர் ரசிகர் மன்றம் மாதிரியா?

கொஞ்சம் மாதிரி. மன்றம் ஒரு நடிகரைச் சுற்றிக் கூடும். ஃபேன்டம் பெரும்பாலும் ஒரு கதையைச் சுற்றிக் கூடும். அந்தக் கதையின் ஆட்களை வைத்துப் புதுக்கதை எழுதுவார்கள், படம் வரைவார்கள், வரைபடம் போடுவார்கள், ஒரு வரிக்கு மூன்று நாள் விவாதிப்பார்கள். மூலக்கதையில் உள்ளதைக் 'கேனன்' என்பார்கள். அதில் இல்லாமல் ரசிகர் தம் மனதுக்குள் உண்மை என்று வைத்துக்கொள்வது 'ஹெட்கேனன்'. இந்த இரண்டு சொல்லையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஃபேன்ஃபிக் எனப்படும் ரசிகர் கதைகளுக்கான பெரிய இணையக் களஞ்சியமான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் 2009இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், விளம்பரம் கிடையாது. 2019இல் அதற்கு அறிவியல் புனைவு, மிகைபுனைவு உலகின் ஹியூகோ விருது கிடைத்த அன்று எங்கள் குழுவில் பாதிப் பேர் அழுதுவிட்டோம்.

டோல்கீன் படம் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்குப் போனியாமே, நிஜமா?

நிஜம்தான். முதலில் கேபிள் டிவியில் படம், அப்புறம் ப்ளஸ் டூ லீவில் புத்தகம். புத்தகத்தின் பின்னிணைப்பில் மொழிகளைப் பற்றி அவர் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான், எழுதியவர் வெறும் கதாசிரியர் இல்லை என்று தெரிந்தது. டோல்கீன் 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன், அதாவது பழைய ஆங்கிலப் பேராசிரியர். அதன் பிறகு 1959 வரை அங்கேயே ஆங்கில மொழி, இலக்கியப் பேராசிரியர். கதை அவருக்கு மாலை வேலை. பகல் முழுக்க நான் இப்போது படிக்கும் இதே பாடல்கள்தான்.

அவர் கதையில் நடமாடும் மரமனிதர்களுக்கு 'என்ட்' என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் 'என்ட்' என்றால் பூதம், அரக்கன். இதை நான் தகவலாக எப்போதோ படித்திருந்தேன். இங்கே வந்து இரண்டாவது வாரம், 'அலைபவன்' என்ற பாடலை வகுப்பில் வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். 87ஆம் வரி என் முறை. ஊராரின் ஆரவாரம் அடங்கிப்போய், பூதங்கள் கட்டிய பழைய கட்டடங்கள் வெறுமையாய் நின்றன என்று பொருள். 'என்ட்டா யெவெயொர்க்', பூதங்களின் வேலை. அந்தச் சொல்லை வாயால் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. சிறுமியாக இருந்தபோது திரையில் பார்த்த மரமனிதன் ஆயிரம் வருட ஏட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறான்.

அந்தக் கட்டடங்கள் யாருடையவை என்றால், அநேகமாக ரோமானியர் விட்டுப்போன கல் கட்டடங்கள். மரவீட்டில் வாழ்ந்த மக்கள் அவற்றைப் பார்த்து, மனிதரால் இது ஆகாது என்று நினைத்திருக்கிறார்கள். நம் பக்கம் கல்திட்டைகளைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் குழி என்றும் சொல்வதில்லையா, அதே வியப்புதான்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் மொழிபெயர்ப்பு. ஒரு வகுப்புக்கு இருபது, முப்பது வரி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாஸ்வர்த்-டாலர் அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். பழகாத புதிதில் எனக்கு ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகும். மதியம் வகுப்பு, பிறகு நூலகம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஃபேன்டம்: யாராவது புது அத்தியாயம் போட்டிருப்பார்கள், அல்லது நான் போடவேண்டியது பாக்கி இருக்கும்.

நல்ல நாளும் கெட்ட நாளும் காலையிலேயே தெரிந்துவிடும். ஒரு நாள் பேவுல்ஃபில் கிரென்டல் என்ற அரக்கன் அறிமுகமாகும் இடம். அவனை 'மேரெ மெயர்க்ஸ்டாப்பா' என்கிறது பாட்டு. 'எல்லையில் அலைபவன்' என்ற இரண்டாவது சொல்லைச் சரியாகப் பிடித்துவிட்டேன். முதல் சொல்லை ஏரி என்று எடுத்துக்கொண்டு, ஏரிக்கரை எல்லையில் திரிபவன் என்று மொழிபெயர்த்தேன். கிரென்டல் ஏரியில் வாழ்பவன்தான், அதனால் சந்தேகமே வரவில்லை. ஆனால் ஏரிக்கு உள்ள சொல்லில் உயிர் குறில். இங்கே இருப்பது நெடில், எழுத்தும் வேறு. 'பேர்போன' என்று அர்த்தம். பேர்போன எல்லைத்திரிவோன். ஆசிரியர் எந்த ஏரி என்று மெதுவாகக் கேட்டார், அவ்வளவுதான். அன்று இரவு ஒரு வரிகூடக் கதை எழுத முடியவில்லை. கதையை நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததே என்னை ஏமாற்றிவிட்டது.

அக்கா, பாடப்புத்தகத்துல சில எழுத்து இங்கிலீஷ்லயே இல்லையே?

இப்போது இல்லை, அப்போது இருந்தது. நேர்க்கோட்டின் நடுவில் வயிறு வைத்த மாதிரி ஒன்று இருக்கும், அது 'தார்ன்'. 'த' ஒலிக்கானது, நாக்கைப் பல்லிடை வைத்துச் சொல்லும் த. வளைந்த 'd' தலையில் சின்னக் குறுக்குக்கோடு போட்டது 'எத்', அதற்கும் அதே ஒலி. 'a'வும் 'e'யும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருப்பது 'ஆஷ்'. ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

பின்னாளில் தார்ன் எழுத்தின் தலை திறந்துபோய், பார்ப்பதற்கு 'y' போல ஆனது. இங்கிலாந்தின் பழைய பாணிக் கடைப் பலகைகளில் 'யி ஓல்ட்' என்று இருப்பது அதனால் வந்த குழப்பம். அது 'தி ஓல்ட்' தான். 'யி' என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை.

நெடில் குறில் ஏட்டுலயே போட்டிருக்குமா?

பெரும்பாலும் போட்டிருக்காது. உயிர் மேல் உள்ள சிறு கோடு இன்றைய பதிப்பாசிரியர்கள் நமக்காகப் போட்டது. 'கொட்' என்று குறிலாகச் சொன்னால் கடவுள். 'கோட்' என்று நெடிலாகச் சொன்னால் நல்ல. ஏட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இதில் தமிழ் வாசகருக்கு ஆச்சரியம் இருக்கக் கூடாது. நம் ஓலைச்சுவடியிலும் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது, புள்ளியும் இருக்காது. இடம் பார்த்துப் படித்தார்கள். இங்கேயும் அதையேதான் செய்கிறோம்.

இலக்கணம் பயங்கர கஷ்டமாமே? தமிழ் தெரிஞ்சது ஏதாவது உதவுதா?

கஷ்டம்தான். ஆனால் என்னோடு படிக்கும் ஆங்கிலேயத் தோழிகளுக்கு இருக்கும் கஷ்டம் எனக்கு இல்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உண்டு. யார் செய்தார், யாரைச் செய்தார் என்பதைச் சொல்லின் கடைசி காட்டும். சொல் நிற்கும் இடம் காட்டாது. 'ராமனைக் கண்ணன் அடித்தான்', 'கண்ணன் ராமனை அடித்தான்', இரண்டும் ஒன்றுதான் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வரும் பெயர்தான் எழுவாய் என்று பழகிய தோழிக்கு இதை நம்பவே ஒரு மாதம் ஆனது. அதேபோல 'நாம் இருவர்' என்பதற்குத் தனிச் சொல் உண்டு, 'விட்'. நாம், நாங்கள் என்று பிரித்துப் பழகிய நமக்கு, தன்மையில் இப்படி ஒரு நுணுக்கம் இருப்பது அன்னியமாகத் தெரியாது. தலைவலி எங்கே என்றால் பாலில். மூன்று பால் உண்டு, பொருளோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. பெண்ணைக் குறிக்கும் 'வீஃப்' என்ற சொல் அஃறிணை மாதிரி நபும்சகம். உயர்திணை, அஃறிணை என்று பொருள் பார்த்துப் பிரித்த புத்திக்கு இது ஒட்டவே ஒட்டாது, மனப்பாடம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது யாப்பு. பழைய ஆங்கிலப் பாட்டில் அடியின் கடைசியில் இயைபு கிடையாது, மோனைதான் பாட்டைக் கட்டுகிறது. ஓர் அடி இரண்டு பாதியாக நிற்கும், பாதிக்கு இரண்டு அழுத்தம். மூன்றாவது அழுத்தம்தான் தலைமை. முதல் பாதியில் ஒன்றாவது அதனோடு மோனையில் சேர வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் அழகு. நான்காவது சேரக் கூடாது. பேவுல்ஃபின் நாலாவது அடியைப் பாருங்கள்: 'ஒஃப்ட் ஷில்ட் ஷேவிங் / ஷெயதெனா த்ரெயாட்டும்'. ஷி, ஷே, ஷெ என்று மூன்றும் சேர்ந்து, கடைசி மட்டும் விலகி நிற்கிறது. அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனை சேரும். நம் யாப்பில் அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம் என்று இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருக்கிறோம். வகுப்பில் இதைப் பலகையில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். அந்த வருடத்தின் மிக நல்ல நாள் அது.

இன்னொன்று: ஏட்டில் பாட்டை அடி பிரித்து எழுதமாட்டார்கள், உரைநடை போல ஓடும். மோனையைக் காதால் கேட்டுத்தான் அடி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓலையில் பாட்டு எப்படி ஓடும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்த உச்சரிப்பெல்லாம் இப்போ யாருக்குத் தெரியும்? ரெக்கார்டிங்கா இருக்கு?

ரெக்கார்டிங் இல்லை, தடயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நிலையான எழுத்துமுறை இல்லாததால் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், அது முதல் தடயம். ஜெர்மன், டச்சு, ஐஸ்லாண்டிக் போன்ற உறவுமொழிகளோடு ஒப்பிடலாம். நடு ஆங்கிலத்தில் எதுகை இயைபுகளும் கிடைக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் ஓர்ம் என்ற துறவி இருந்தார். பிரசங்கம் செய்பவர்கள் தப்பாக வாசித்துவிடுவார்களோ என்ற கவலையில், குறிலுக்குப் பின்னால் வரும் மெய்யை இரட்டித்தே ஆயிரக்கணக்கான வரிகளை எழுதி வைத்தார். பாட்டு அப்படி ஒன்றும் சுவையாக இருக்காது. ஆனால் எந்த உயிர் குறில் என்று அவரைப் போல யாரும் நமக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் தனிப் பிரியம் உண்டு.

சாசர் காலத்தில் வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லை 'க்னிஹ்ட்' என்று எல்லா எழுத்தையும் ஒலித்துத்தான் சொன்னார்கள். பிறகு ஒலி மாறியது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. ஸ்கூலில் ஸ்பெல்லிங் டெஸ்டில் அடி வாங்கிய அத்தனை ஊமை எழுத்துக்கும் இப்படி ஒரு வாழ்ந்த காலம் உண்டு.

அதான் நல்ல நல்ல மொழிபெயர்ப்பு இருக்கே, அது போதாதா?

கதைக்குப் போதும், தாராளமாகப் படியுங்கள். பேவுல்ஃபின் முதல் சொல் 'ஹ்வாட்'. அதை ஒருவர் 'கேளுங்கள்' என்கிறார், ஒருவர் 'ஆகா' என்கிறார், ஒருவர் 'சரி' என்று பேச்சைத் தொடங்குவது போலப் போடுகிறார். மூன்றும் மூன்று விதமான கவிஞரைக் கண்முன் நிறுத்துகின்றன. எந்தக் கவிஞர் என்று நானே முடிவு செய்ய ஆசைப்பட்டேன்.

ஃபேன்ஃபிக் எழுதுற நேரத்துல ரெண்டு பாடம் சேர்த்துப் படிக்கலாம்ல?

அம்மாவின் கேள்வி. அம்மா, நான் படிக்கும் பாடமே அதுதான். கேன்டர்பரிக்குப் புனித யாத்திரை போகிறவர்கள் வழியில் கதை சொல்லிக்கொண்டே போவதுதான் 'கேன்டர்பரி கதைகள்'. சாசர் 1400இல் இறந்தபோது அது முடியவில்லை. சமையல்காரர் சொல்லும் கதை 58 வரியில் அப்படியே நிற்கிறது. ஏடு எழுதியவர் மீதிக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறார். கடைசியில் அந்த இடத்தில், இந்தக் கதையைச் சாசர் இதற்கு மேல் எழுதவில்லை என்று குறித்து வைத்தார். வேல்ஸின் தேசிய நூலகத்தில் உள்ள ஹெங்வர்ட் ஏட்டில் அதைப் பார்க்கலாம். அடுத்த அத்தியாயம் வராமலே நின்றுபோன கதைக்காகக் காத்திருந்த யாருக்கும் அந்த வெற்றிடத்தின் வலி தெரியும்.

காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜான் லிட்கேட் என்ற துறவி, தானே கேன்டர்பரிக்குப் போய்ச் சாசரின் பயணிகளைச் சத்திரத்தில் சந்திப்பதாகவும், திரும்பும் வழியில் முதல் கதையைத் தானே சொல்வதாகவும் எழுதினார். தன்னையே கதைக்குள் கொண்டுபோய் வைப்பது ஃபேன்டத்தில் எவ்வளவு பழகிய விஷயம்! பெயர் தெரியாத இன்னொருவர், பயணிகள் கேன்டர்பரியில் போய் இறங்கியதையும், அங்கே சத்திரத்துப் பெண்ணிடம் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவர் ஏமாந்து அடிபட்டதையும் எழுதினார். சாசர் அவர்களை ஊர் சேர்க்கவே இல்லை. சேர்த்தவர் ஒரு வாசகர். அது ஒரே ஓர் ஏட்டில் பிழைத்திருக்கிறது.

எல்லோரிலும் எனக்கு நெருக்கமானவர் ஸ்காட்லாந்தின் ராபர்ட் ஹென்றிசன். குளிர் இரவில் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சாசரின் டிராய் நகரத்துக் காதல் காவியத்தைப் படிப்பதாக அவர் பாட்டு தொடங்குகிறது. காதலனைக் கைவிட்ட கிரெசிடா பிறகு என்ன ஆனாள் என்று சாசர் சொல்லவில்லை. சாசர் எழுதியதெல்லாம் உண்மை என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு, ஹென்றிசன் அவளுடைய மீதிக் கதையை எழுதுகிறார். அந்த ஒரு கேள்வியை அச்சடித்து என் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.

அப்போ லிட்கேட்டும் ஹென்றிசனும் எழுதினது ஃபேன்ஃபிக்னே சொல்லிடலாமா?

சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. இன்று ஒரு கதைக்கு உரிமையாளர் உண்டு, பதிப்புரிமைச் சட்டம் உண்டு. ரசிகர் கதை அந்த வேலிக்கு வெளியே, காசு வாங்காமல் வாழ்கிறது. மத்தியகாலத்தில் அந்த வேலியே இல்லை. ஏற்கெனவே உள்ள கதையை எடுத்துத் திரும்பச் சொல்வதுதான் புலவரின் வேலை. சாசரே தம் டிராய்க் காவியத்தை இத்தாலியக் கவிஞர் பொக்காச்சியோவிடமிருந்து எடுத்தார். அவர் தழுவினால் இலக்கியம், பின்னால் வந்தவர் தழுவினால் ஃபேன்ஃபிக் என்று கோடு கிழிக்க முடியாது.

இன்னொரு வித்தியாசம் ஆட்கள். லிட்கேட் அரசர்களும் பிரபுக்களும் கேட்டு எழுத வைத்த பெரிய கவிஞர். நாங்கள் புனைபெயருக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்பவர்கள், அதிகமும் பெண்கள். இரண்டையும் இணைப்பது அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் கை துறுதுறுப்பது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரசிகையா இருக்கிறது கட்டுரை எழுதும்போது இடைஞ்சல் பண்ணலையா?

பண்ணியிருக்கிறது. 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட 2530 வரிப் பாட்டு. டோல்கீனும் ஈ. வி. கார்டனும் 1925இல் அதைப் பதிப்பித்தார்கள். ஆர்தர் அரசனின் வீரன் கவெய்ன் ஒரு கோட்டையில் விருந்தாளியாகத் தங்குகிறான். கோட்டைத் தலைவர் பகலில் வேட்டைக்குப் போவார். அன்றன்று யாருக்கு என்ன கிடைத்ததோ அதை மாலையில் மாற்றிக்கொள்வது என்று இருவருக்கும் ஒப்பந்தம். தலைவரின் மனைவி முதல் நாள் ஒரு முத்தம், அடுத்த நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று தருகிறாள். கவெய்னும் நேர்மையாக மாலையில் அத்தனை முத்தத்தையும் தலைவருக்குக் கொடுக்கிறான். உயிர்காக்கும் என்று அவள் தந்த பச்சைக் கச்சையை மட்டும் ஒளித்துக்கொள்கிறான்.

ஃபேன்டத்தில் கவெய்னையும் அந்தத் தலைவரையும் காதலர்களாக வைத்து எவ்வளவோ கதை உண்டு, நானும் எழுதியிருக்கிறேன். கட்டுரையில் கவெய்னின் மனதில் அந்த மாலைகளில் என்ன ஓடியது என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஓரத்தில் பென்சிலால், 'இது எந்த வரியில்?' என்று இருந்தது. தேடினேன், எந்த வரியிலும் இல்லை. என் ஹெட்கேனனைக் கேனன் என்று எழுதிவிட்டேன். ஏரி விஷயத்தில் நடந்த அதே தவறு, இந்த முறை பெரிதாக.

திரும்ப எழுதும்போது கவிஞர் என்ன சொல்லாமல் விட்டார், எங்கே விட்டார் என்று பார்த்தேன். மூன்று மாலையும் எல்லோர் முன்னிலையிலும், சிரிப்புக்கு நடுவில் நடக்கின்றன. கவெய்னின் உள்ளத்தைக் கவிஞர் அங்கே திறக்கவே இல்லை. அந்த மௌனத்தைப் பற்றி எழுதினேன். அது நல்ல கட்டுரை. என் கதையையும் நான் அழிக்கவில்லை. கதை இருக்கும் இடம் வேறு, கட்டுரை இருக்கும் இடம் வேறு.

ஒரிஜினல் ஏட்டையெல்லாம் நேர்ல பார்த்திருக்கியா?

பேவுல்ஃபைப் பார்த்திருக்கிறேன், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் காட்சிக்கூடத்தில், மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தது போலச் சின்னப் புத்தகம். 3182 வரிக் காவியம் உலகத்திலேயே இந்த ஒரு பிரதியில்தான் இருக்கிறது. சுமார் 1000ஆம் ஆண்டில் இரண்டு பேர் எழுதியது. 1939ஆம் வரியில் கையெழுத்து மாறுகிறது. 1731 அக்டோபர் 23 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் இந்த ஏடுகள் இருந்த வீடு தீப்பிடித்தது. இது தப்பியது, ஆனால் ஓரம் கருகியது. கருகிய ஓரம் தொடத்தொட உதிர்ந்து, எழுத்துகளும் கூடவே போயின. 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு தாளுக்கும் காகிதச் சட்டம் போட்ட பிறகுதான் உதிர்வது நின்றது.

பழுப்புத் தோல்தாளின் மேல் ஓரம் அலை அலையாகத் தின்னப்பட்டிருந்தது. அதற்குக் கீழே எழுத்துகள் அவ்வளவு நிதானமாக, வட்டமாக, இன்று காலை எழுதியது போல. நாற்பது நிமிடம் நின்றேன்.

நம்ம நிறத்துல இருக்கவங்களுக்கு இந்தக் கதைகள்ல என்ன இடம்? யாரும் கேட்டதில்லையா?

கேட்டிருக்கிறார்கள். ஃபேன்டத்தில் கேட்டவர்கள் உண்டு. கற்பனை உலகத்துக் கதையைத் தொடராக எடுக்கும்போது கறுப்பின நடிகர் ஒருவரைப் போட்டால், 'அந்தக் காலத்தில் ஏது' என்று கூச்சலிடும் கூட்டம் ஒன்று எப்போதும் வருகிறது. படிப்புத் துறையிலும் இந்த வாதம் உண்டு. 'ஆங்கிலோ-சாக்சன்' என்ற சொல்லை இனவெறியர்கள் கையிலெடுத்துக்கொண்டதால், அந்தச் சொல்லைப் பெயரில் வைத்திருந்த சர்வதேச அறிஞர் சங்கம் 2019இல் பெயரை மாற்ற வாக்களித்தது. நான் அந்த மாற்றத்தின் பக்கம்.

கூச்சலிடுபவர்களுக்கு நான் சொல்வது ஹேட்ரியன் பெயரை. வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தத் துறவி 670 வாக்கில் கேன்டர்பரிக்கு வந்து, ஆசியா மைனரிலிருந்து வந்த தியடோரோடு சேர்ந்து லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தார். இங்கிலாந்தின் கல்விக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவர்கள் இருவரும் முக்கியமானவர்கள். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 883க்கு எதிரே, ஆல்ஃபிரட் அரசர் இந்தியாவில் உள்ள புனித தோமாவுக்குக் காணிக்கை அனுப்பினார் என்று இருக்கிறது. இந்தியா என்பது யூதேயா என்று மாறியிருக்கும் பிரதியும் உண்டு. காணிக்கை போய்ச் சேர்ந்ததா என்றும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். மயிலாப்பூரில் தோமையார் கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வரியைப் படிக்கும்போது என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். பேவுல்ஃப் இருக்கும் அதே ஏட்டிலேயே, அலெக்சாண்டர் இந்தியாவின் அதிசயங்களைத் தம் குரு அரிஸ்டாட்டிலுக்கு விவரிக்கும் கடிதமும் இருக்கிறது. நான் காட்சிக்கூடத்தில் நின்று பார்த்த புத்தகத்துக்குள் நம் நாடும் இருந்தது, கற்பனையும் பயமும் கலந்த உருவத்தில்.

இதுக்கப்புறம் என்ன வேலைம்மா கிடைக்கும்?

சித்தப்பா, கல்லூரி ஆசிரியர் வேலை இந்தத் துறையில் குறைவு, போட்டி அதிகம். அதை மறைக்கமாட்டேன். ஏட்டுக்காப்பகம், நூலகம், பதிப்பகம், அகராதிப் பணி என்று போகிறவர்கள் உண்டு. டொரான்டோவில் பழைய ஆங்கில அகராதி ஒன்றை இன்னும் தொகுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2018இல்தான் 'ஐ' எழுத்து வரை வந்தது. எனக்குக் காப்பகத்தில்தான் ஆசை. கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து கல்லூரியில் சாசர் எடுப்பேன், உச்சரிப்போடு.

மனசு விட்டுப்போற நாள்ல என்ன பண்ணுவ?

டிசம்பரில் இங்கே மூன்றரை, நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். முதல் வருடம் அப்படி ஒரு நாள், மொழிபெயர்ப்பு ஓடவில்லை, ஃபேன்டத்திலும் நான் மிகவும் நம்பிய ஒருத்தியோடு ஒரு பாத்திரத்தைப் பற்றிய விவாதம் பெரிய சண்டையாகி, அவள் என்னை பிளாக் செய்துவிட்டாள். போய்ச் சேர இரண்டு இடமும் இல்லாமல் போனது.

மேலே சொன்ன 'அலைபவன்' பாட்டைத்தான் எடுத்தேன். தலைவனை இழந்து கடலில் தனியே போகிறவன் கனவு காண்கிறான்: தலைவனைத் தழுவுகிறான், முத்தமிடுகிறான், அவன் மடியில் கையும் தலையும் வைத்துக்கொள்கிறான். விழித்தால் எதிரே சாம்பல் அலை, கடல்பறவைகள் இறகு விரித்துக் குளிக்கின்றன, ஆலங்கட்டியோடு பனி கொட்டுகிறது. அந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகளை அகராதி இல்லாமல் படித்துவிட்டேன் என்பது முடித்த பிறகுதான் உறைத்தது. அம்மாவுக்கு போன் போட்டு அதைத் தமிழில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சாப்பிட்டியா என்று கேட்டாள்.

எனக்கும் ஆசையா இருக்கு அக்கா, எங்கேருந்து தொடங்கட்டும்?

நடு ஆங்கிலம் என்றால் சாசரின் முன்னுரையின் முதல் 18 வரி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நடு ஆங்கில அகராதி இணையத்தில் இலவசம். ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே கூடச் சேர்ந்து வாசி. கண்ணால் மட்டும் படிக்காதே.

பழைய ஆங்கிலம் என்றால் காவியத்தில் கை வைக்காதே. எக்சிட்டர் தேவாலயத்தில் உள்ள பத்தாம் நூற்றாண்டு ஏட்டில் தொண்ணூறுக்கு மேல் விடுகதைகள் இருக்கின்றன. அதில் ஆறே வரியில் ஒன்று: பூச்சி ஒன்று சொற்களைத் தின்றது; இருட்டில் வந்த திருடன் ஒருவருடைய பாட்டை விழுங்கினான்; விழுங்கியும் அவனுக்கு ஒரு துளி அறிவு கூடவில்லை. விடை உனக்கு உடனே தெரிந்திருக்கும், செல்லரித்த ஏட்டைப் பார்த்த ஊர்க்காரிதானே. ஆறு வரியையும் சொல் சொல்லாகப் பிரித்து, வேற்றுமை குறித்து, ஒரு வாரத்தில் எனக்கு அனுப்பு. தப்பு இருந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதித் தருகிறேன்.